கருவி காட்டிய எண்

முதலில் எங்களை எண்ணினார்கள். எட்டுப் பேர்.
பிறகு ஏணி, கயிறு, கம்பிச் சுருள்.
வண்டிச் சாவியை ஒரு பையன்
தொப்பிக்குள் போட்டுத் தலையில் கவிழ்த்துக்கொண்டான்.
கோபுரம் இறங்கினால் நீங்களும் இறங்கலாம்
என்று தீர்ப்பானது புக்காரூமி ஊர்க்கூட்டத்தில்.

நான்காயிரம் மீட்டர் உயரம். மே மாதம்.
லிமாவில் பிணங்களுக்கு இடமில்லை என்றது வானொலி.
இங்கே இன்னும் ஒருவரும் இருமவில்லை.

பழுதுபார்க்க வந்தோம், அவ்வளவுதான் என்றேன்.
பதினோரு வருடமாக நிற்கும் கோபுரம்.
"சும்மா நின்றதா,
எங்களை நோட்டம் பார்த்து நின்றதா?"
என்றார் தலைவர் கிரிசோலகோ.
யாரோ ஒரு டாக்டரின் குரல் எல்லார் கைப்பேசியிலும் இருந்தது,
அலையில்தான் நோய் வருகிறதென்று.
அந்தக் குரலைச் சுமந்து வந்ததும் இதே கோபுரம்.
சொல்ல வாயெடுத்தேன்.
சிரிப்பார்களா, அடிப்பார்களா தெரியாமல் விழுங்கினேன்.

அளவுமானியை எடுத்து நீட்டினேன்.
பாருங்கள், வரம்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

காவலுக்கு இருந்த சத்துர்னினா அதை வாங்கி
முளைவிட்ட உருளைக்கிழங்கைத் திருப்புவதுபோல் திருப்பினாள்.
"என் அப்பனுக்கும் ஒருத்தன் எண் சொன்னான்.
கையில் இதே மாதிரிப் பெட்டி.
பாதரசச் சுரங்கத்தில் நல்ல காற்றென்றான்.
அப்பனுக்குப் பல் உதிர்ந்தது.
கை நடுங்கி, கரண்டிச் சூப்பு
வாய்க்குப் போகுமுன் மார்பில் போனது.
அந்த எண் இப்போது எங்கே?"

அது வேறு, இது வேறு.
அணுவை உடைக்கத் திராணியற்ற அலை இது.
பாடப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்பதுகூட நினைவிருந்தது.
ஆனால் அரைகுறைக் கெச்சுவா மொழியில்,
அதே மாதிரிப் பெட்டியோடு நின்று
எப்படிச் சொல்வது வேறென்று?

மூன்றாம் நாள் தாதி டெல்ஃபிதாவும் பிடிபட்டாள்.
தட்டம்மை ஊசி மருந்து, நீலக் குளிர்பெட்டியில்.
ஊசியும் கோபுரமும் ஒரே கம்பெனி என்றது கூட்டம்.
அவள் தனக்காகக் கெஞ்சவில்லை.
"மருந்து உறைந்தால் செத்துவிடும்.
வெயிலும் ஆகாது, உறைபனியும் ஆகாது" என்றாள்
எல்லாரிடமும், யாரிடமும் இல்லாமல்.

இரவு தகரக் கூரை குளிரில் விரிசலிட்டதுபோல் சத்தமிட்டது.
விழித்தேன்.
சத்துர்னினா தன் முதுகுப் போர்வையை அவிழ்த்து
பெட்டியைச் சுற்றினாள்.
அடியில் ஆட்டுத்தோல் மடித்து வைத்தாள்.
பிறகும் திருப்தியில்லை போல,
பாவாடை மடிப்புகளுக்குள் இழுத்து அணைத்து உட்கார்ந்தாள்.
நான் பார்ப்பதைப் பார்த்தாள்.

"நம்பிட்டேன்னு நினைக்காதே" என்றாள்.

நெடுநேரம் கழித்து,
"எர்மெலிந்தா பிள்ளைக்கு இந்த வாரம் ஒரு வயசு."

அவளிடம் நான் சொல்லாதது:
உவங்காயோவில் என் மனைவிக்கு ஏழாம் மாதம்.
ஒவ்வோர் இரவும் என் கைப்பேசியைத் துண்டில் சுற்றி
சமையலறையில், ஆறிய அடுப்பின் மேல்
வைத்துவிட்டுத்தான் படுப்பேன்.
எண் தெரிந்த நான்.

விடிந்ததும் டெல்ஃபிதா பெட்டியைத் திறந்தாள்.
உள்ளே சிறு வெப்பமானி.
சத்துர்னினாவும் குனிந்தாள், நெற்றிகள் முட்ட.
"நல்ல எண்ணா?"
"நாலு. நல்ல எண்."
அவள் போர்வையை உதறி முதுகில் கட்டிக்கொண்டாள்.
வேறெதுவும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார்கள்:
பழுது பார்க்கமாட்டோம்.
பையன் தொப்பியைக் கழற்றிச் சாவியைத் தந்தான்,
அவன் தலைச்சூடு அதில் இன்னும் இருந்தது.
அம்மா தள்ளிப் போகும்வரை காத்திருந்து கேட்டான்:

"சிக்னல் எப்போ வரும்?
டீச்சர் திங்கட்கிழமைப் பாடம் அனுப்புவாங்க."